சார்ல்ஸ்டன் கவுண்டியின் பழைய தேவாலயங்கள்: காரைப்பூச்சையும் அதற்கு அடியில் இருப்பதையும் சேர்த்துப் பார்ப்போம்

செங்கற்சூளை எழுதியது:

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், அட்லாண்டிக் கடலோரமாக நீண்டு கிடக்கும் சார்ல்ஸ்டன் கவுண்டியின் பழைய தேவாலயங்களைப் பற்றிய பயணக் குறிப்புகள் பலவும் ஜார்ஜியன், கிரேக்கம், கோத்திக் என்று பாணிகளின் பெயர்களை அடுக்கிவிட்டு முடிந்துபோகின்றன. அந்தப் பெயர்களில் பிழை இல்லை. ஆனால் அவை சுவரின் மேற்பரப்பை மட்டுமே சொல்கின்றன என்பது என் எண்ணம். இந்த இழையில் அந்தத் தேவாலயங்களை அவற்றின் செங்கல்லிலிருந்தும் சுண்ணாம்பிலிருந்தும் தொடங்கிப் பார்க்க விரும்புகிறேன்.

ஆஷ்லி, கூப்பர், வாண்டோ ஆறுகள் கடலோடு கலக்கும் அந்தப் பகுதியில் கட்டடக் கல் கிடைப்பதில்லை. சதுப்பும் மணலும் களிமண்ணும்தான் உண்டு. ஆற்றங்கரைக் களிமண்ணைச் செங்கல்லாகச் சுட்டார்கள். கடற்கரையில் குவிந்து கிடந்த சிப்பி ஓடுகளைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். சுவரை எழுப்பியபின் அதன்மேல் காரை பூசி, பல இடங்களில் கல் அடுக்கியதுபோலத் தோன்றும்படி கோடுகளும் இழுத்தார்கள். பிராட் வீதியும் மீட்டிங் வீதியும் சந்திக்கும் மூலையில் நிற்கும் புனித மைக்கேல் தேவாலயம் இதற்கு முதன்மையான சான்று. 1752இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1761இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம், நகரில் இன்று நிற்கும் வழிபாட்டிடங்களிலேயே பழமையானது. அதன் முகமண்டபத்தின் பெருந்தூண்களும் அடுக்கடுக்காக ஒடுங்கி 186 அடிக்கு உயரும் வெள்ளைக் கோபுரமும் தூரத்திலிருந்து பார்க்கும்போது கற்பணியாகவே தெரியும். கிட்டே போனால், உள்ளூர்ச் செங்கல்லின்மேல் பூசிய காரையும், கோபுரத்தின் மேல்நிலைகளில் மரவேலையும்தான் அது என்பது புலப்படும்.

நகருக்கு வெளியே, ஆஷ்லி ஆற்றுச் சாலையில், 1706இல் கட்டத் தொடங்கிய புனித ஆண்ட்ரூ தேவாலயம் இருக்கிறது. தென் கரோலினாவில் எஞ்சியுள்ள தேவாலயக் கட்டடங்களில் அதுவே மூத்தது. முதலில் சிறிய செவ்வகமாக இருந்ததை 1723இல் சிலுவை வடிவத்துக்கு விரிவாக்கினார்கள். பின்னர் தீப்பிடித்து உட்புறம் அழிந்தபோது, 1764இல் அதே சுவர்களுக்குள் மீண்டும் எழுப்பினார்கள். தெற்கு வாசலுக்கு மேலே, கட்டுமானத்தை மேற்பார்த்த இருவரின் முதலெழுத்துகளும் 1706 என்ற ஆண்டும் பதிக்கப்பட்டுள்ளன. ஆனால் அந்த வாசலுக்குள் நுழைந்து நாம் காணும் இடம் 1706ஆம் ஆண்டின் இடம் அல்ல. இந்தக் கவுண்டியின் தேவாலயங்கள் அநேகமாக எல்லாவற்றுக்கும் இந்த இயல்பு உண்டு. எரிந்து, இடிந்து, குண்டடிபட்டு, ஒவ்வொரு முறையும் பழைய செங்கல்லின்மேல் புதிய உருவத்தைப் பெற்றவை அவை. ஆகவே பாணியை முதலில் வைத்துப் பேசுவது சரியா என்று மற்ற அன்பர்களிடம் கேட்க விரும்புகிறேன்.

தூண்வரிசை எழுதியது:

நல்ல தொடக்கம், ஐயா. ஆனால் பாணியை மேற்பரப்பு என்று சொல்லி ஒதுக்குவதை என்னால் ஏற்க இயலவில்லை. ஒரு சபை எந்தப் பாணியைத் தேர்ந்தது என்பது, அது தன்னைப் பற்றி ஊருக்கு என்ன சொல்ல விரும்பியது என்பதோடு பிணைந்தது. அதைச் செங்கல்லிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

லண்டனில் ஜேம்ஸ் கிப்ஸ் 1720களில் கட்டிய புனித மார்ட்டின் தேவாலயம், முன்னால் கோயில் போன்ற தூண் மண்டபத்தையும் அதன் பின்னாலேயே கூரையைத் துளைத்து எழும் கோபுரத்தையும் இணைத்தது. 1728இல் கிப்ஸ் தம் வரைபடங்களை நூலாக வெளியிட்டதும், பிரிட்டிஷ் ஆட்சி பரவிய இடமெல்லாம் அந்த அமைப்பும் பரவிற்று. புனித மைக்கேல் தேவாலயம் அந்த மரபில் வந்தது. குடியேற்ற நாட்டின் துறைமுக நகரம் ஒன்று, தானும் தலைநகருக்குக் குறைந்ததல்ல என்று அந்த முகமண்டபத்தின் வழியாக அறிவித்துக்கொண்டது. அதன் கட்டுமானத்தை நடத்திய சாமுவேல் கார்டி அந்த அமைப்பை அப்படியே படியெடுக்கவும் இல்லை. மண்டபத்தைச் சுருக்கி, தூண்களை எளிய டஸ்கன் வகையாக்கி, கோபுரத்தைக் கனமாக்கினார். அந்த மாற்றங்களைக் காண்பதற்கே பாணியைப் பற்றிய அறிவு தேவைப்படுகிறது.

அடுத்த நூற்றாண்டில் எட்வர்ட் பிரிக்கல் வைட் என்ற ஒரே கட்டடக்கலைஞர் செய்தவற்றைப் பாருங்கள். சந்தை மண்டபத்தை ரோமானியக் கோயிலாக 1841இல் வடித்தார். 1845இல் முடிந்த ஹியூகெனாட் (பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டு) தேவாலயத்தைக் கோத்திக் பாணியில் கட்டினார். சார்ல்ஸ்டனில் அந்தப் பாணியில் எழுந்த முதல் கட்டடம் அது என்பார்கள். 1835இல் எரிந்தபின் புதிதாக எழுந்த புனித பிலிப் தேவாலயத்துக்கு, பழைய ஆங்கில மரபில் ஓர் உயர்ந்த கோபுரத்தை 1850 வாக்கில் முடித்துக் கொடுத்தார். ஒரே கை, ஒரே செங்கல், ஒரே காரை. வேறுபட்டது அந்தந்தச் சபையின் விருப்பம் மட்டுமே. பிரான்சிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்தவர்களின் வழித்தோன்றல்கள், காரைப்பூச்சும், சாளரங்களுக்கு மேலே வார்ப்பிரும்பு அணிகளும், சிறு சிகரங்களும் கொண்ட அந்தச் சிறிய கட்டடத்தைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இன்றும் ஆண்டுக்கு ஒருமுறை வசந்த காலத்தில் அங்கே பிரெஞ்சு மொழியில் வழிபாடு நடக்கிறது. பக்கத்திலேயே உள்ள ஆங்கிலிக்கன் மரபுப் புனித பிலிப் தேவாலயத்தின் நிழலில் தாங்கள் வேறுபட்டவர்கள் என்று காட்ட அவர்களுக்கு உதவியது பாணிதான்.

எழும்பூர்வாசி எழுதியது:

கிப்ஸின் பெயர் வந்துவிட்டதால், நம் பக்கத்தில் உள்ள உறவையும் குறிப்பிடுகிறேன். சென்னை எழும்பூரில் உள்ள புனித ஆண்ட்ரூ கிர்க் என்ற ஸ்காட்லாந்துச் சபைத் தேவாலயமும் லண்டன் புனித மார்ட்டின் தேவாலயத்தை முன்மாதிரியாகக் கொண்டதுதான். தாமஸ் டி ஹாவிலாண்ட் வடிவமைத்து 1821இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்துக்கு முன்னால் தூண் மண்டபமும் கோபுரமும் உண்டு. ஆனால் உள்ளே நீள்சதுரக் கூடத்துக்குப் பதிலாக, பதினாறு தூண்கள் தாங்கும் வட்டக் கூடமும் அதன்மேல் ஆழமற்ற குவிமாடமும் இருக்கின்றன. நிலம் நெகிழ்ந்தது என்பதால் அடித்தளத்துக்குக் கிணறுகளை இறக்கி அவற்றின்மேல் கட்டினார்கள். அதற்குச் சற்று முன்னர், 1815இல் எழுந்த புனித ஜார்ஜ் பேராலயமும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

செங்கற்சூளை ஐயா சொல்லும் பொருளியல் பார்வையும் இங்கே பொருந்துகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. சார்ல்ஸ்டனில் சிப்பி ஓட்டுச் சுண்ணாம்பு, சென்னையில் கிளிஞ்சல் சுண்ணாம்பு. இரண்டு ஊர்களும் கடல் தந்த ஓட்டைச் சுட்டு, செங்கல்லுக்கு வெள்ளை மேனி கொடுத்தன. நம் கொத்தனார்கள் அதைப் பளிங்குபோல மினுக்கும் கலையில் தேர்ந்திருந்தார்கள். கிப்ஸின் வரைபடத்தைப் பார்த்துக் கட்டிய இரு துறைமுகங்களும், அதற்கு உடல் கொடுக்கத் தத்தம் கடற்கரையைத்தான் நாடின. ஆகையால் நீங்கள் இருவரும் ஒரே கட்டடத்தின் இரு பாதிகளைப் பேசுகிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

வட்ட வடிவம் என்றதும் ஒரு கேள்வி. சார்ல்ஸ்டனிலும் வட்டத் தேவாலயம் என்ற பெயரில் ஒன்று இருப்பதாக அறிகிறேன். அதைப் பற்றி யாரேனும் விரிவாக எழுத முடியுமா?

தூண்வரிசை எழுதியது:

எழும்பூர்வாசி கேட்டதற்கு விடை சொல்வது எனக்கு மகிழ்ச்சி தரும் வேலை. ஏனென்றால், இந்தக் கவுண்டியில் நான் கண்ணால் காண ஏங்கும் கட்டடம் இன்று இல்லாத அந்த வட்டத் தேவாலயம்தான்.

1681இல் ஆங்கிலிக்கன் அல்லாத பலரும் சேர்ந்து ஒரு சபையைத் தொடங்கினார்கள்; அவர்களுடைய கூடும் வீட்டின் பெயரால்தான் மீட்டிங் வீதிக்கே பெயர் வந்தது. சபை பெருகியபோது, சார்ல்ஸ்டனிலேயே பிறந்து, பின்னாளில் வாஷிங்டன் நினைவுத்தூணை வடிவமைத்தவரான ராபர்ட் மில்ஸிடம் புதிய கட்டடத்துக்கு வரைபடம் கேட்டார்கள். அப்போது அவருக்கு இருபத்துமூன்று வயது. 1804இல் தொடங்கி 1806இல் முடிந்த அந்தக் கட்டடம், 88 அடி விட்டமுள்ள குவிமாடத்தின் கீழ் ஏறத்தாழ 2000 பேர் உட்காரக்கூடிய ஒற்றைக் கூடமாக இருந்தது. பிரசங்கத்தைக் கேட்பதே வழிபாட்டின் மையமாக இருந்த ஒரு சபைக்கு, எல்லோரும் பிரசங்கியாரை ஏறத்தாழ ஒரே தொலைவிலிருந்து பார்க்கவும் கேட்கவும் கூடிய வட்டத்தைவிடப் பொருத்தமான வடிவம் எது? ரோமாபுரியின் பாந்தியனை நினைவூட்டும் அந்த எண்ணத்தை மில்ஸ் பிறகு பிலடெல்பியாவிலும் ரிச்மண்டிலும் வட்டமாகவும் எண்கோணமாகவும் வளர்த்தெடுத்தார். சென்னைக் கிர்க்கின் வட்டக் கூடத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் முந்தியது அது என்பதையும் கவனியுங்கள்.

மில்ஸின் இன்னொரு தேவாலயம், 1822இல் முடிந்த முதல் பாப்டிஸ்ட் தேவாலயம், நல்வாய்ப்பாக இன்றும் நிற்கிறது. அலங்காரம் குறைந்த, கனத்த தூண்கள் கொண்ட அந்த முகப்பைக் கண்டால், இந்த நகரில் கிரேக்கப் பாணி எங்கிருந்து வளரத் தொடங்கியது என்பது விளங்கிவிடும்.

இரும்புக்கம்பி எழுதியது:

நான் கட்டுமானப் பொறியியல் துறையில் இருப்பவன். வட்டத் தேவாலயம் ஏன் இன்று இல்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1861 டிசம்பர் 11ஆம் நாள், உள்நாட்டுப் போர் தொடங்கிய அதே ஆண்டில், பெருந்தீ ஒன்று நகரத்தின் குறுக்கே ஓடியது. வட்டத் தேவாலயமும், முடிந்து ஏழே ஆண்டுகளான கத்தோலிக்கப் பேராலயமும் அதில் எரிந்தன. போரில் தோற்று வறுமைப்பட்ட ஊரில் மறுபடி கட்டப் பணமில்லை. வெறுஞ்சுவர் கால் நூற்றாண்டு அப்படியே நின்றது. 1886 ஆகஸ்ட் 31 இரவு, பத்து மணிக்குச் சற்று முன்னர், ஏறத்தாழ 7 அளவுடையது என்று இன்று மதிப்பிடப்படும் நிலநடுக்கம் அந்தச் சுவரையும் வீழ்த்தியது.

இதற்குப் பிறகு நடந்ததை இரு முறை படிக்கும்படி அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். விழுந்த வட்டச் சுவரின் செங்கற்களைப் பொறுக்கியெடுத்து, 1890க்கும் 1892க்கும் இடையில், அதே இடத்தில், முற்றிலும் வேறான ரோமனெஸ்க் பாணியில், தடித்த சுவரும் அரைவட்ட வளைவுகளும் கொண்ட இன்றைய தேவாலயத்தை எழுப்பினார்கள். மில்ஸின் கட்டடத்தைத் தாங்கிய செங்கல்லே இதையும் தாங்குகிறது. இந்தக் கட்டடம் பழைய வட்டத்தைப் போல இல்லை. வெளிப்புறத்தில் மூன்று இதழ்களாகப் புடைத்து நிற்கிறது. ஆனாலும் ஊரார் அதை இன்றும் வட்டத் தேவாலயம் என்றே அழைக்கிறார்கள். செங்கற்சூளை ஐயா சொன்னதற்கு இதைவிட வலிய சான்று இந்தக் கவுண்டியில் இல்லை.

நிலநடுக்கம் மற்றவற்றையும் விட்டுவைக்கவில்லை. புனித மைக்கேல் தேவாலயத்தின் கோபுரம் சுமார் எட்டு அங்குலம் நிலத்தில் இறங்கிற்று. அதற்குக் காரணம் எளிது: அத்தனை எடையும் சிறிய பரப்பில் குவிந்திருக்க, கீழே நீர் ஊறிய மணல் இருந்தது. குலுக்கலில் அத்தகைய மணல் சிறிது நேரம் திரவத்தைப் போல நடந்துகொள்ளும். யூனிடேரியன் தேவாலயத்தின் கோபுரத் தலை முறிந்து விழுந்தது. நகரெங்கும் விரிசல் விட்ட சுவர்களை, ஒரு பக்கச் சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை நீண்ட இரும்புக் கம்பிகளைச் செலுத்தி, வெளிப்புறத்தில் தகடு வைத்து முறுக்கி இறுக்கினார்கள். அந்தத் தகடுகளை இன்றும் பல பழைய சுவர்களில் காணலாம். செங்கற்சுவர் அழுத்தத்தைத் தாங்குமே தவிர இழுப்பைத் தாங்காது. அந்தக் குறையை நிரப்பவே இந்த இரும்பு. அந்த மண்ணில் அடுத்த பெரிய குலுக்கலை இந்தக் கம்பிகள் எந்த அளவுக்குத் தாங்கும் என்பது பொறியாளர்களிடையே இன்னும் விவாதிக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கோபுரங்களைப் பற்றி இரண்டு செய்திகள். எரிந்துபோன பேராலயத்துக்குப் பதிலாக, அதை வடிவமைத்த பேட்ரிக் கீலியே மீண்டும் வரைந்து கொடுத்தார். 1890இல் அடிக்கல் நாட்டி, 1907இல் புனித யோவான் பேராலயமாகத் திறந்தார்கள். கல் இல்லாத ஊருக்குக் கனெக்டிகட்டிலிருந்து பழுப்புக் கல்லை வரவழைத்துக் கட்டினார்கள். பணம் போதாமையால் ஊசிக்கோபுரம் மட்டும் எழவில்லை. அது 2010இல்தான் வைக்கப்பட்டது. மற்றொன்று ஜெர்மானியக் குடியேறிகள் 1872இல் கட்டிய புனித மத்தேயு லூத்தரன் தேவாலயம். 297 அடி உயரமுள்ள அதன் ஊசிக்கோபுரம் 1965 தீவிபத்தில் சரிந்து தலைகீழாகப் பூமியில் குத்தி நின்றது. கோபுரத்தை மீண்டும் எழுப்பியபோதும், குத்திய முனையை அகற்றாமல் அங்கேயே விட்டிருக்கிறார்கள்.

கரும்பலகை எழுதியது:

இந்த இழையை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். ஆனால் செங்கல்லைப் பற்றி இவ்வளவு பேசியும், அந்தச் செங்கல்லை அறுத்தவர்கள் யார் என்று இதுவரை ஒருவரும் எழுதவில்லை. இதை வருத்தத்தோடு சொல்கிறேன். குற்றம் சாட்டுவதற்காக அல்ல.

அந்த ஆற்றங்கரைத் தோட்டங்களில் களிமண்ணை மிதித்து, அச்சில் இட்டு, வெயிலில் உலர்த்தி, சூளையில் சுட்டவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்களும் அவர்களின் பிள்ளைகளும். பூன் ஹால் போன்ற தோட்டங்களில் செங்கல் சுடுவது பெரிய வருவாய்த் தொழிலாகவே நடந்தது. ஈரம் காயாத செங்கல்லைத் திருப்பிவைத்த கைகளின் விரல் தடங்கள், சில சிறுவர்களுடையவை, சார்ல்ஸ்டனின் பழைய சுவர்களில் இன்றும் தெரிகின்றன. காரை பூசாத இடங்களில் மட்டுமே அவற்றைக் காண முடியும் என்பதை, தூண்வரிசை ஐயா, நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பாணியை ஒரு சபை தேர்ந்தது என்கிறீர்கள். அந்தச் சபையின் ஒரு பகுதியினர், தாங்களே கட்டிய ஆலயத்தில் மேல்மாடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். கல்வெட்டுகளில் கட்டடக்கலைஞரின் பெயரும் மேற்பார்வையாளரின் பெயரும் இருக்கின்றன. பல தேவாலயங்களில் மூன்று பக்கமும் ஓடும் அந்த மாடங்களைக் கட்டடக்கலை நூல்கள் அழகிய மரவேலையாக விவரிக்கும்போது, அவற்றில் யார் உட்கார்ந்தார்கள் என்பதையும் அதே பத்தியில் எழுத வேண்டும் என்று கேட்கிறேன்.

அந்த மாடங்களைவிட்டு வெளியேறியவர்கள் கட்டியவற்றையும் இந்தக் கவுண்டியின் வரலாற்றுத் தேவாலயங்களாகவே எண்ண வேண்டும். மாரிஸ் பிரவுனின் தலைமையில் 1810களில் கறுப்பின மெத்தடிஸ்டுகள் பிரிந்து தனிச் சபை அமைத்தார்கள். அந்தச் சபையைச் சேர்ந்த, அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்றிருந்த டென்மார்க் வீசி என்பவர் 1822இல் திட்டமிட்டதாகச் சொல்லப்பட்ட கிளர்ச்சிக்காக அவரோடு சேர்த்து 35 பேர் தூக்கிலிடப்பட்டனர். அந்தச் சபையின் கட்டடமும் அழிக்கப்பட்டது. கறுப்பினத்தவரின் தனி வழிபாடு சட்டத்தால் தடுக்கப்பட்ட காலத்தில் மறைவாகக் கூடி, 1865இல் வெளிப்படையாக மீண்டும் எழுந்தார்கள். அப்போது மரத்தில் எழுப்பிய ஆலயத்துக்கு வரைபடம் தந்தவர் வீசியின் மகன் ராபர்ட் வீசி. அதை நிலநடுக்கம் சிதைத்தபின், 1891இல் கால்ஹூன் வீதியில் செங்கல்லில் எழுந்ததே இன்றைய இம்மானுவேல் ஏ.எம்.இ. (ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் எபிஸ்கோபல்) தேவாலயம். ஜான் ஹென்றி டெவெரோ வடிவமைத்த அதன் கோத்திக் முகப்புக்கு 1950 வாக்கில் வெள்ளைக் காரை பூசப்பட்டது. 2015 ஜூன் 17 அன்று வேதபாட வகுப்பில் ஒன்பது பேரை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்றது அங்கேதான். அடிமை முறையை விடாது ஆதரித்த ஜான் கால்ஹூனின் பெயர் கொண்ட வீதியில் அந்த ஆலயம் நிற்பதையும், அவருடைய கல்லறை புனித பிலிப் தேவாலயத்தின் இடுகாட்டில் இருப்பதையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அதே வீதியில் பழைய பெத்தேல் மெத்தடிஸ்ட் தேவாலயமும் உண்டு. 1797இல் கட்டத் தொடங்கிய மரக்கட்டடம் அது. வெள்ளையருக்குப் புதிய செங்கல் ஆலயம் கட்டுவதற்காக 1850களின் தொடக்கத்தில் அதை வளாகத்தின் ஓரத்துக்கு நகர்த்தி, கறுப்பின உறுப்பினர்களிடம் விட்டார்கள். 1880இல் அவர்கள் அதை வீதியைக் கடந்து எதிர்ப்புறத்துக்கே கொண்டுபோய்த் தங்கள் சொந்த நிலத்தில் நிறுத்தினார்கள். கட்டடக்கலையில் நகர்வும் ஒரு பகுதி என்றால், எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இதுவே.

தூண்வரிசை எழுதியது:

கரும்பலகை அம்மா எழுதியதை மதித்து ஏற்கிறேன். மாடங்களைப் பற்றிய அவருடைய கோரிக்கை நியாயமானது. ஒரு கேள்வி மட்டும் எஞ்சுகிறது. இம்மானுவேல் சபையார் 1891இல் கோத்திக் பாணியையே தேர்ந்தார்களே, அதை எப்படிப் புரிந்துகொள்வது? மாடத்துக்கு அனுப்பியவர்களின் பாணி என்று அவர்கள் அதை விலக்கவில்லை. உயர்ந்த கூர்வளைவுகளும் வண்ணக் கண்ணாடியும் கோபுரமும் தங்களுக்கும் உரியவை என்று முதன்மையான வீதியிலேயே நிலைநாட்டினார்கள். பாணியைச் சபை தேர்கிறது என்று நான் சொன்னது இதையும் சேர்த்துத்தான்.

யூனிடேரியன் தேவாலயத்தைப் பற்றியும் ஒரு சொல். 1772இல் தொடங்கி, விடுதலைப் போரால் தடைபட்டு 1787இல் முடிந்த எளிய செங்கல் கூடம் அது. 1852இல் பிரான்சிஸ் லீ என்ற இளம் கட்டடக்கலைஞர் அந்தச் சுவர்களை இடிக்காமலேயே உட்புறத்தை வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் உள்ள ஏழாம் ஹென்றியின் சிற்றாலயத்தைப் போல மாற்றத் தொடங்கி, இரண்டே ஆண்டுகளில் முடித்தார். லண்டனில் கல்லில் செதுக்கிய விசிறி வளைகூரை இங்கே மரப்பட்டிகைகளின்மேல் பூசிய காரை. கல்லைப் போல நடிக்கும் காரை என்று இதைக் குறைத்துப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கல் வளைகூரையின் எடையை அந்தப் பழைய சுவர்கள் தாங்கியிரா. அந்த ஊரின் நிலமும் தாங்கியிராது. கனமில்லாத பொருளில் அந்த வடிவத்தைச் சாதித்ததுதான் லீயின் திறமை. இதில் செங்கற்சூளை ஐயாவின் வழியும் என் வழியும் ஒன்றாகிவிடுகின்றன.

புதியவன் எழுதியது:

ஐயா, இவ்வளவும் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றனவே. கவுண்டியின் கிராமப்புறத் தேவாலயங்கள் எவை? கூஸ் கிரீக்கில் உள்ள புனித யாக்கோபு தேவாலயம் இதில் சேருமா?

செங்கற்சூளை எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. கூஸ் கிரீக் தேவாலயம் இன்று பக்கத்து பெர்க்லி கவுண்டியின் எல்லைக்குள் வருகிறது. இருந்தாலும் வரலாற்றில் அது இதே குடும்பம். 1706ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் ஆங்கிலிக்கன் சபையை அரசுச் சபையாக்கி, குடியேற்ற நாட்டைப் பத்துத் திருச்சபை வட்டங்களாக (பாரிஷ்) பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேவாலயம் கட்ட வழிசெய்தது. இந்தக் கிராமத் தேவாலயங்கள் எல்லாம் அந்தச் சட்டத்தின் பிள்ளைகள். 1719 வாக்கில் முடிந்த கூஸ் கிரீக் தேவாலயத்தின் உட்புறத்தில் முதலாம் ஜார்ஜ் மன்னரின் அரச இலச்சினை காரையில் வடிக்கப்பட்டு இன்றும் இருக்கிறது.

சார்ல்ஸ்டன் கவுண்டிக்குள் நீ தேடிப் போக வேண்டியது, மெக்கிளெலன்வில் ஊருக்கு அருகே காட்டுக்குள் நிற்கும் சான்டீ வட்டத்துப் புனித யாக்கோபு தேவாலயம். 1768இல் கட்டப்பட்டது, பழைய அரச நெடுஞ்சாலை அங்கே இன்றும் மண் பாதையாகவே செல்கிறது. சான்டீ ஆற்றங்கரையில் குடியேறிய ஹியூகெனாட்டுகள் ஆங்கிலிக்கன் சபையோடு கலந்த வட்டாரம் அது. எனக்கு அந்தக் கட்டடத்தின்மேல் தனிப்பற்று உண்டு. காரணம், அதன் தூண்கள். நகரத்துத் தேவாலயங்கள் தூண்களுக்குக் காரை பூசிக் கல்லாகக் காட்டின. இங்கே, வளைவாக வார்த்த செங்கற்களை அடுக்கி எழுப்பிய நான்கு தூண்கள் முகமண்டபத்தில் செங்கல்லாகவே நிற்கின்றன. முதலில் இரு பக்கமும் மண்டபங்கள் இருந்தன. பின்னர் ஒன்றைச் சுவர் வைத்து அறையாக்கிக்கொண்டார்கள். உள்ளே கதவு வைத்த பெட்டி இருக்கைகள் உள்ளன. தூண்வரிசை பேசும் பாணி அறிவும், கரும்பலகை அம்மா பேசும் கைகளும் ஒளிவின்றி ஒரே இடத்தில் தெரியும் கட்டடம் என்றால் இதைத்தான் காட்டுவேன்.

மவுன்ட் பிளசன்ட்டில் உள்ள கிறிஸ்து தேவாலயம் 1720களைச் சேர்ந்தது. 1782இல் பிரிட்டிஷ் படை அதை எரித்தது, உள்நாட்டுப் போரிலும் உட்புறம் பாழானது, சுவர்கள் தப்பின.

கரும்பலகை எழுதியது:

கிராமப்புறம் என்றால் கடல் தீவுகளை விட்டுவிடக் கூடாது. எடிஸ்டோ தீவில் 1818இல் ஹெப்சிபா ஜென்கின்ஸ் டவுன்சென்ட் என்ற பெண்மணியின் முயற்சியால் எழுந்த பாப்டிஸ்ட் தேவாலயம், போருக்குப்பின் விடுதலை பெற்ற மக்களின் கைக்கு வந்தது. மாடத்தில் இருந்தவர்கள் கீழ்த்தளத்துக்கு உரிமையாளர்களான கட்டடம் அது. ஜான்ஸ் தீவில் 1917 வாக்கில் கட்டிய மூவிங் ஸ்டார் மண்டபம் இன்னும் எளியது: பலகைச் சுவர், ஒற்றை அறை, கோபுரம் இல்லை, தூண் இல்லை. அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த கடல்தீவுக் குல்லா மக்கள் அங்கே கூடி, கைதட்டியும் தரையைக் காலால் உதைத்துத் தாளமிட்டும் துதி பாடினார்கள். மரத்தரை முழவைப்போல ஒலிக்கும் அந்தச் சிறிய அறையில், கட்டடமே பாட்டின் இசைக்கருவியாகிவிடுகிறது. அந்த மண்டபம் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டிருப்பது எனக்கு நிறைவளிக்கிறது.

எழும்பூர்வாசி எழுதியது:

புனித மைக்கேல் தேவாலயத்தின் மணிகளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே என்பதால் சுருக்கமாகச் சேர்க்கிறேன். லண்டன் வைட்சாப்பலில் வார்த்த எட்டு மணிகள் 1764இல் வந்து சேர்ந்தன. 1782இல் நகரைவிட்டு நீங்கிய பிரிட்டிஷ் படை அவற்றைக் கொள்ளைப்பொருளாக எடுத்துச் சென்றது. லண்டனில் ஒரு வணிகர் வாங்கித் திருப்பி அனுப்பினார். உள்நாட்டுப் போரில் பாதுகாப்புக்கென்று கொலம்பியா நகருக்கு அனுப்பியவை 1865இல் அந்த நகரோடு எரிந்து சிதைந்தன. எஞ்சிய உலோகத்தை மீண்டும் வைட்சாப்பலுக்கே அனுப்பி வார்த்து, 1867இல் கோபுரத்தில் ஏற்றினார்கள். புனித பிலிப் தேவாலயத்தின் மணிகளோ போரின்போது பீரங்கி வார்க்கக் கொடுக்கப்பட்டு, திரும்பவே இல்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்தக் கோபுரம் மணியின்றி இருந்தது. இடையில் சில ஆண்டுகள் அதில் கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கு எரிந்தது.

இரும்புக்கம்பி எழுதியது:

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். இந்தக் கோபுரங்கள் இன்றும் நகரின் வானவிளிம்பை ஆள்வது தற்செயல் அல்ல. 1931இல் சார்ல்ஸ்டன் நகராட்சி, அமெரிக்காவிலேயே முதன்முதலாக, பழைய நகரப் பகுதியைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட வரலாற்று வட்டாரமாக அறிவித்தது. பின்னர் வந்த உயரக் கட்டுப்பாடுகளும் சேர்ந்து, புதிய கட்டடங்கள் கோபுரங்களை மறைக்காதபடி காத்தன. 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் பல கூரைகளைக் கிழித்தபோது பழுதுபார்ப்பில் பழைய முறைகளைக் கைக்கொள்ளும் அக்கறை இருந்ததற்கும் அந்த மரபே காரணம். பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்ட் பூசினால், உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லைத் தின்னும். நம் ஊர்ப் பழைய தேவாலயங்களையும் கோயில்களையும் பழுதுபார்ப்பவர்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

செங்கற்சூளை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இந்தக் கவுண்டியின் தேவாலயங்களைப் பற்றி நாம் தொகுக்கவிருக்கும் பட்டியலுக்கு இந்த உரையாடலிலிருந்து ஒரு முறையை முன்வைக்கிறேன். எந்தத் தேவாலயத்துக்கும் ஒற்றை ஆண்டைக் குறிக்க வேண்டாம். யூனிடேரியன் தேவாலயத்துக்கு 1772, 1787, 1854, 1886 ஆகிய நான்கும் வரட்டும்; வட்டத் தேவாலயத்துக்கு 1806, 1861, 1886, 1892 வரட்டும். பாணியின் பெயரைத் தூண்வரிசை எழுதட்டும். அதே வரியில் சுவர் எதனால் ஆனது என்பதை நான் எழுதுகிறேன். மாடங்கள் இருந்தால் அவற்றில் உட்கார்ந்தவர்கள் யார் என்பதையும், போருக்குப்பின் அவர்கள் எந்தச் சபைக்குச் சென்றார்கள் என்பதையும் கரும்பலகை அம்மா சேர்த்துத் தர வேண்டுகிறேன். நகருக்குள் உள்ளவற்றை முதலில் முடித்துவிடலாம். எடிஸ்டோ, ஜான்ஸ் தீவு, சான்டீ ஆகியவற்றுக்குத் தனிப் பகுதி வேண்டும். அவற்றை நகரத்தின் பின்னிணைப்பாகச் சுருக்கிவிடக் கூடாது. புதியவன் விரும்பினால் சான்டீ பகுதியை அவரே தொடங்கலாம்.